கைதட்டாத ஆளுக்குப் பாடினவர்

அவற்ற பேரை நான் எழுதமாட்டன். எழுதினா அதை அப்பிடியே ஃபோட்டோ எடுத்து ஃபேஸ்புக்கில போட்டு, "அன்புத் தம்பி ஒருவர் என்னைப் பற்றி எழுதியது" எண்டு கீழ ரெண்டு கும்பிடும் வைச்சிடுவார். அந்தச் சந்தோசத்தை நான் குடுக்கிறதா இல்லை. ஒக்லண்டில எங்கட சனம் அவரை ஸ்டார் எண்டுதான் கூப்பிட்டது. பகிடிக்குத் தொடங்கின பேர். பேந்து அது பகிடி எண்டதை எல்லாரும் மறந்திட்டினம். நான் மட்டும் மறக்கேல்ல.

கலியாணம், சாமத்தியவீடு, அம்பதாவது பிறந்தநாள், எதெண்டாலும் அவர்தான் பாட்டு. மினுங்கிற ஜாக்கெட், கண்ணுக்கு மை, வயித்தை உள்ளுக்கு இழுத்துப் பிடிக்க ஒரு பெல்ட். நான் அவற்ற குறூப்பில பாட் அடிக்கிறவன். பாட் எண்டா சிலேட் மாதிரி ஒரு கறுப்புப் பெட்டி, தடியால தட்டினா மேளம், தவில், கண்ணாடி உடையிற சத்தம் எல்லாம் வரும். குறூப்பை அறிமுகப்படுத்தேக்க கீபோர்டுக்காரனை "இசை இளவல்" எண்டுவார், கிற்றார்காரனை "விரல் மன்னன்" எண்டுவார். என்ர முறை வந்தா, "பின்னால இருந்து சத்தம் போடுறது எங்கட தம்பி" எண்டுவார். சனம் சிரிக்கும். நானும் சிரிப்பன். சிரிச்சுக்கொண்டே அடுத்த பாட்டுக்கு அவற்ற காதுக்குக் கிட்டக் கண்ணாடியை உடைப்பன்.

ஆனா ஒண்டு சொல்லவேணும். அந்த மனிசனிட்டை ஒரு வியாதி இருந்தது. மவுண்ட் வெல்லிங்டனில ஒரு கலியாண வீடு. ஹோல் முழுக்க எழும்பி ஆடுது, பெண்டுகள் செருப்பைக் கழட்டி எறிஞ்சிட்டு ஆடுதுகள், மாப்பிள்ளையின்ர நண்பர்மார் அவரைத் தோளில தூக்க நிக்கிறாங்கள். ஒரு மூலையில ஒரு ஐயா மட்டும் இடியப்பத்துக்குள்ள சொதியை விட்டுப் பிசைஞ்சுகொண்டு, தலை நிமிராமல் இருக்கிறார். ஸ்டாரின்ர கண் அங்கை போய்க் குத்திட்டுது. மைக்கோட இறங்கினார். ஆடுற பெட்டையள் கையை நீட்டுதுகள், இவர் பாக்கவேயில்லை. நேர போய் ஐயாவுக்குப் பக்கத்தில கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, அந்தச் சொதிக்கோப்பையைப் பாத்துப் பாட்டை உருகி உருகிப் பாடத் தொடங்கிட்டார். ஐயா முதல் முறைச்சார், பிறகு வாய்க்குள்ள சிரிச்சார், பிறகு சிரிப்பில சொதி சேட்டில ஊத்துப்பட்டிட்டுது. ஸ்டார் எழும்பி மேடைக்கு வந்து, தண்ணிப் போத்திலை எடுத்துக்கொண்டு என்னைப் பாத்தார்.

"என்னடா முழுசுறாய்?"

"இல்லையண்ணை, இஞ்சை இவ்வளவு பேர் கைதட்டிக்கொண்டு நிக்கினம். நீங்கள் அங்கை போய்ச் சொதிக்குப் பாடுறியள்."

"விசரா, கைதட்டுறவன் ஏற்கெனவே என்ர ஆள். அவனுக்கு நான் ஏன் பாடவேணும்? தட்டாதவனுக்கு எல்லோ பாடவேணும்."

இதுதான் அவற்ற வேதவாக்கு. போற இடமெல்லாம் சொல்லுவார். கேக்க நல்லாத்தான் இருக்கும். எனக்கு எரியும். ஏனெண்டா எனக்குக் கைதட்டுறவையும் இல்லை, தட்டாதவையும் இல்லை. என்னை ஒருத்தரும் பாக்கிறதேயில்லை.

அதிலயும் எங்கட அப்பா.

அப்பா லொறி ஓடுறவர். விடியமுன்னம் தகனினியில மோட்டர்வேயில ஏறினா பின்னேரந்தான் வீடு. கலியாணத்துக்கு வருவார், மாப்பிள்ளை பொம்பிளைக்குக் கை குடுப்பார், சாப்பிடுவார். ஸ்பீக்கர் ஒருக்கா உறுமினாக் காணும், எழும்பிக் கார் பார்க்குக்குப் போயிடுவார். "நாள் முழுக்க எஞ்சின் சத்தம் கேட்டது காணும்" எண்டுவார். பாட் அடிக்கிறதுக்காண்டி நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்டனான். அப்பவும் ஏசேல்ல. பேப்பருக்குள்ள இருந்து, "அப்ப உனக்கு இனி விடிய எழும்பத் தேவையில்லை" எண்டார். அவ்வளவுதான். இப்ப த்ரீ கிங்ஸில ஒரு சுப்பர்மார்க்கெட்டில பால்போத்தில் அடுக்குறன், சனி ஞாயிறு அடிக்கிறன். அப்பா ஒரு நாளும் இருந்து கேட்டதில்லை. ஒருக்காக் கேட்டிட்டு, இது குப்பையடா எண்டு சொன்னாலும் எனக்குக் காணுமாயிருந்தது.

இது ஸ்டாருக்குத் தெரியும். அவருக்கும் அப்பாவில கண்.

"டேய், கொப்பர் இண்டைக்கும் எழும்பிப் போட்டாரடா."

"அவர் நான் அடிக்கிறதுக்கே இருக்கிறதில்லை, உங்களுக்கு இருப்பாரே?"

"உனக்கு இருக்காட்டி அது நியாயம். எனக்கு இருக்காட்டி அது என்ர தோல்வி."

பாருங்கோ வாயை. என்ர அப்பாவுக்கும் அவர்தான் முதல் வரிசையில நிண்டு கவலைப்பட்டவர்.

ஸ்டார் பகலில மவுண்ட் வெல்லிங்டனில ஒரு ஸ்டோர்ஸில ஃபோர்க்லிஃப்ட் ஓடினவர். அங்கை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சொசேஜ் சுட்டு, ஆளாளுக்குப் பாட்டாம். ஸ்டார் விடுவாரே? பெட்டியளுக்கு மேல ஏறி நிண்டு குத்துப்பாட்டு ஒண்டை எடுத்து விட்டிருக்கிறார். எல்லாரும் சிரிச்சுக் கைதட்டியிருக்கிறாங்கள். அதுக்குப் பிறகு பொதி அடுக்கிற ஒரு டொங்காத் தீவு மனிசன், பெரிய உடம்பு, ஆரோடயும் கனக்கக் கதைக்காத ஆள், ஒரு கிற்றாரை வாங்கி, அமெரிக்க நாட்டுப்புறத்தார் பாடுற கன்ட்ரிப் பாட்டு ஒண்டு பாடியிருக்கிறார். எழும்பவும் இல்லை, கண்ணைத் திறக்கவும் இல்லையாம். பாட்டு முடிய ஒருத்தரும் கைதட்டேல்ல. ஒருத்தன் போய்ச் சொசேஜ் அடுப்பைக் குறைச்சிட்டு வந்தானாம். மனேச்சர் மூக்கைச் சீறினானாம்.

ஞாயிற்றுக்கிழமை சாமான் ஏத்துற அவற்ற வானில போகேக்க ஸ்டார் இதைச் சொன்னார். சொல்லேக்க முகத்தைப் பாக்கவேணும். கடையில தன்ர சேட்டை வேற ஒருத்தன் போட்டுக்கொண்டு நிக்கிறதைக் கண்ட ஆள் மாதிரி.

"ஒருத்தரும் கைதட்டாமலே அவன் வெண்டிட்டானடா."

எனக்கு வந்த சந்தோசத்தை நான் என்னெண்டு சொல்லுறது. அவருக்கும் வயித்தெரிச்சல் வருமெண்டு எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். வழி முழுக்க விசிலடிச்சுக்கொண்டு வந்தனான்.

அடுத்த மாசமே ஆள் கன்ட்ரிப் பாட்டுக் கிளப் ஒண்டைக் கண்டுபிடிச்சிட்டார். இஞ்சை அப்பிடிக் கிளப்புகள் இருக்கு. ஞாயிறு மத்தியானம் ஒரு ஹோல், முக்கால்வாசி வயது போன வெள்ளையளும் மாவோரியளும், மேசையில தேத்தண்ணியும் கேக்கும். ஆரும் பாடலாம். வெள்ளைப் பலகையில பேரை எழுதவேணும், முறை வர மேடைக்குப் போகவேணும், கிளப்பின்ர குறூப் பின்னால வாசிக்கும். அதில மடியில படுக்கவைச்சு வாசிக்கிற ஒரு கிற்றார் இருந்தது. அழுறதுக்கெண்டே செய்த சாமான்.

என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். மினுங்கிற ஜாக்கெட்டோட. பின்னணி இசையைப் பென் ட்ரைவில போட்டுக்கொண்டு வந்து நீட்டினார். கிற்றார் தாத்தா, "நோ நோ, வீ ப்ளே. வட் கீ?" எண்டு கேட்டார். பதட்டத்தில இவர், "ஒண்டரைக் கட்டை" எண்டார். தாத்தா திரும்பிப் பேஸ் கிற்றார் அம்மாவைப் பாத்தார். நான் கதவுக்கு வெளியில போய்ச் சிரிச்சிட்டு வந்தனான்.

அவருக்கு முதல் பாடினது ஒரு கிழவி. நடக்கிறதுக்குச் சில்லு வைச்ச கம்பித் தாங்கியோட மேடையேறினவ. பாதியில சொல்லு மறந்திட்டா. ஹோல் முழுக்க அவவுக்காண்டி மிச்சத்தைப் பாடி முடிச்சுது, கைதட்டிச்சுது. பிறகு ஸ்டார். ஆடினார், சுத்தினார், முழங்காலில இருந்தார். கைதட்டிச்சினம். கேக்கும் தேத்தண்ணியும் குடுத்திச்சினம். "வெரி நைஸ், டியர்."

வானுக்குள்ள வந்து வயித்துப் பெல்ட்டைக் கழட்டினார். பிறகு மெதுவாக் கேட்டார், "அந்தக் கிழவிக்கும் இதே கைதட்டல்தானேயடா?"

"இல்லையண்ணை. அவவுக்குக் கொஞ்சம் கூட."

அங்கை எல்லாருக்கும் தட்டுவினம், அதுதான் அந்தக் கிளப்பின்ர முறை. நல்லாப் பாடினாலும் தட்டு, மறந்தாலும் தட்டு. தட்டாதவனைத் தேடித் தேடிப் பழகின மனிசனுக்கு அது பெரிய அடி. ஆரை வெல்லுறதெண்டு தெரியேல்ல. ஆனா ஆள் விடேல்ல. ஜாக்கெட் போச்சு, கண் மை போச்சு, பெல்ட்டும் போச்சு. வயிறு வெளியில வந்தது. ஆடாமல் நிண்டு பாடப் பழகினார். குத்துப்பாட்டில சொல்லு விழுந்தாலும் தெரியாதாம், கன்ட்ரியில கிற்றாரில மூண்டு கோர்ட்தானாம், ஒளிக்க இடமில்லையாம். நான், "கன்ட்ரி எண்டா என்னண்ணை, நாய் செத்துது, லொறி பழுதாப் போச்சு, மனிசி விட்டிட்டுப் போட்டா, இதுதானே" எண்டன். "அதிலயாவது லொறி இருக்கு, உங்கட பாட்டில என்ன இருக்கு?" எண்டார். 'எங்கட' பாட்டு அதுக்குள்ள 'உங்கட' பாட்டாப் போட்டுது.

ஒரு நாள் குறூப்பை விட்டிட்டன் எண்டார். சனம் கதைச்சுது. "நல்லா ஆடிக்கொண்டிருந்த பெடியன், இப்ப செத்தவீடு மாதிரிப் பாடுறானாம்." குறூப்பில பாட ஆளில்லாமல் மைக் என்ர கைக்கு வந்தது. அதோட அவர் கழட்டி விட்ட மினுங்கிற ஜாக்கெட்டும் வந்தது. கை கொஞ்சம் நீளம். மடிச்சு விட்டன். எத்தினை நாள் பாத்துக்கொண்டிருந்த இடம் அது! பெட்டையள் கையை நீட்டினவை. நான் ஒரு கையையும் விடாமல் எல்லாத்துக்கும் குடுத்தனான். ஸ்டார் இல்லாத ஹோலில நான் ஸ்டார். அப்பா அப்பவும் கார் பார்க்கில.

கார் எண்ட உடனதான் இது ஞாபகம் வருது. ஸ்டார் குறூப்பில இருந்த காலத்தில வானுக்குள்ள நான் விட்ட ஒரு பகிடி. அப்பா வேலை முடிஞ்சு வந்தா உடன உள்ள வரமாட்டார். வாசலில காரை நிப்பாட்டிட்டு உள்ளுக்கயே இருப்பார். ரேடியோவும் இல்லை, ஃபோனும் இல்லை, ஸ்டியரிங்கில கை. அம்மா திரைச்சீலையை நீக்கிப் பாத்திட்டுச் சோறைத் திரும்பச் சூடாக்கப் போவா. "எங்கட வாசலில ஒரு ட்ராஃபிக் லைட் இருக்குப் போல. பச்சை விழுமட்டும் மனிசன் உள்ள வராது" எண்டன். குறூப் முழுக்கச் சிரிச்சது. ஸ்டார் சிரிக்கேல்ல. பகிடி விளங்கேல்லையாக்கும் எண்டு நினைச்சன்.

பிறகொரு ஞாயிறு. என்ர காருக்கு, றோட்டில ஓடலாம் எண்டு குடுக்கிற வொரண்ட் முடிஞ்சிட்டுது. ஸ்டாரிட்டை என்ர ஸ்பீக்கர் ஒண்டு நிண்டது, வந்து எடு, கிளப்பில நிக்கிறன் எண்டார். அப்பாவைக் கேட்டன், கொண்டுபோய் விட்டார். மழை. காருக்குள்ள இருக்கிறன் எண்டவரை, வாசலில நிண்ட ஒரு மாவோரி அம்மா, "கம் இன், லவ், யூ வில் கெட் கோல்ட்" எண்டு கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு வந்து, ஒரு சொசேஜ் ரோலையும் குடுத்துப் பின்வரிசையில இருத்திட்டா. அம்மாவே அப்பாவை அப்பிடி இழுத்ததில்லை.

மேடையில ஸ்டார். சாதாரணச் சேட், கிற்றார். அப்பாவைக் கண்டார். அவற்ற கண் குத்தி நிண்டதை நான் கண்டன். கிற்றார் தாத்தாவின்ர காதுக்குள்ள என்னவோ சொன்னார். பாடத் தொடங்கினார். கன்ட்ரி மெட்டு, தமிழ்ச் சொல்லு.

*வீடு வந்திட்டுது, எஞ்சின் நிண்டிட்டுது,*
*நான் மட்டும் இன்னும் வந்து சேரேல்ல.*
*வாசலில ஒரு சிவப்பு லைட்,*
*அது எனக்கு மட்டுந்தான் தெரியுது.*

பகிடி என்ர. பாட்டு அவற்ற.

அந்த ஹோலில தமிழ் விளங்கினது எங்கள் மூண்டு பேருக்குந்தான். ஆனா தேத்தண்ணி ஊத்தினவ கேத்திலைச் சரிச்சபடி நிண்டா. மடிக் கிற்றார் அழுதுது. அப்பான்ர கையில சொசேஜ் ரோல் அப்பிடியே இருந்தது. பாட்டு முடிய எல்லாரும் தட்டிச்சினம். அப்பா தட்டேல்ல. மெதுவா, ரெண்டு தரம், தலையை ஆட்டினார்.

நான் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு காருக்கு வந்தன். அப்பா சாவியைப் போட்டார், திருப்பேல்ல.

"அவனுக்கு இது எப்பிடித் தெரியும்?"

"எனக்கெப்பிடித் தெரியும்" எண்டன்.

"நல்ல பெடியன்" எண்டார்.

நல்ல பெடியனாம்! வீட்டில ஒருத்தன் இவ்வளவு காலமாச் சத்தம் போட்டுக்கொண்டு இருக்கிறன். வீட்ட வர முதலே ஸ்டாரிட்டை இருந்து ஃபோன். "டேய், கொப்பர் தலையாட்டிட்டாரடா! கண்டனியோ? ஆட்டிட்டாரடா!" சின்னப் பிள்ளை மாதிரிக் கத்துறார். நான் சிக்னல் இல்லை எண்டு வைச்சிட்டன்.

அதுக்குப் பிறகு அப்பா கிளப் நாள் ஒண்டும் விடேல்ல. சவரம் செய்து, இஸ்திரி போட்ட சேட்டோட வெளிக்கிடுவார். அம்மா கட்லட் பொரிச்சுக் குடுப்பா, வெறும் பெட்டியோட வருவார். நான் முதன்முதலாப் பெரிய ஹோல் ஒண்டில முழு நிகழ்ச்சியும் தனியப் பாடின நாளும் ஒரு கிளப் ஞாயிறுதான். ஒரு கிழமைக்கு முதலே சொல்லி வைச்சனான்.

"அப்பா, ஞாயிறு என்ர ப்ரோக்ராம்."

"ஞாயிறு எனக்குக் கிளப் எல்லோ" எண்டார். சேர்ச்சுக்குப் போறனெண்டு சொல்லுற மாதிரி, பிழையே இல்லாத முகத்தோட.

அண்டைக்கு நான் நல்லாத்தான் பாடினன். சனம் ஆடிச்சுது. ஒரு மூலையில ஒரு ஆள் ஃபோனைப் பாத்துக்கொண்டிருந்தார். இறங்கிப் போகச் சொல்லிக் கால் உன்னிச்சுது. போகேல்ல. எனக்கு அந்த வியாதி வேண்டாம் எண்டு நினைச்சன். ஆனா பாட்டு முழுக்க அந்த ஆளையேதான் பாத்துக்கொண்டு நிண்டன்.

பிறகு என்ன நடந்ததெண்டா, ஸ்டார் ஒக்லண்டை விட்டே போட்டார். சும்மா ஒரு நாளில. கடலுக்கு அங்கால தெற்குத் தீவில ஆடுகளுக்கு மயிர் வெட்டிற ஆக்கள் குடிக்கிற ஒரு பார் இருக்காம், அங்கை எந்தக் கொம்பன் பாடினாலும் ஒருத்தனும் கிளாசில இருந்து கண்ணை எடுக்கிறதில்லையாம். "அப்பிடியும் ஒரு இடமடா!" எண்டு ஃபோனில சொல்லேக்க குரல் நடுங்குது, காதலிக்கிறவன் மாதிரி. ஃபோர்க்லிஃப்ட் வேலையை விட்டு, வானையும் கொண்டு போட்டார்.

"அப்ப இஞ்சை இருக்கிற ஆக்கள்?" எண்டு கேட்டன். அப்பாவுக்காண்டித்தான் கேட்டன்.

"அவையள் எல்லாம் இப்ப என்ர ஆக்கள் தானேயடா" எண்டார். கெட்ட எண்ணத்தில சொல்லேல்ல. அவருக்கு அப்பிடித்தான்.

அப்பாவுக்கு நான் சொல்லேல்ல. அடுத்த ஞாயிறு போயிட்டுக் கட்லட் பெட்டியோட வந்தார். பெட்டியில பாதி மிச்சம். காருக்குள்ள கனநேரம் இருந்தார். ஸ்டார் அந்தப் பாட்டை எழுதினவரே தவிர, வந்து கண்ணாடியில தட்டிக் கூப்பிட வேண்டிய வேலையை எங்களுக்குத்தான் விட்டிட்டுப் போனவர். நான் போய்த் தட்டினன். கண்ணாடியை இறக்கினார்.

"அவன் போட்டான் போல."

"ஓம்."

"சொல்லேல்ல."

"அவர் அப்பிடித்தான் அப்பா."

ஸ்டியரிங்கைப் பாத்துக்கொண்டு சொன்னார், "அங்கை ட்ரம்ஸ் அடிக்கிற மனிசனுக்கு இடுப்பில ஒப்பரேஷனாம். அடிக்க ஆளில்லையாம்." வந்து அடியடா எண்டு சொல்லேல்ல. கேக்கவும் இல்லை. என்ர அப்பா என்னைக் கேக்கிறதெண்டா அவ்வளவுதான்.

போனன். தடியைத் தந்தா அது தடியில்லை, நுனியில கம்பி மயிர் வைச்ச பிரஷ். அதால ட்ரம்மைத் தடவவேணுமாம். சுவருக்குப் பெயின்ற் அடிக்கிறதோ எண்டு கேட்டன், பேஸ் கிற்றார் அம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. ஒவ்வொருத்தரா வந்து பாடிச்சினம், தடவினன். பிறகு பாத்தா வெள்ளைப் பலகையில அப்பான்ர பேர், அவற்ற கையெழுத்தில.

அப்பா மேடைக்கு வந்தார். என்னைப் பாக்கேல்ல. மைக்கை இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு அந்தப் பாட்டைத்தான் பாடினார். குரல் லொறி ரிவேர்ஸ் எடுக்கிற மாதிரி. சுருதி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஆனா ஸ்டார் நிக்கிற மாதிரியே நிண்டார், ஸ்டார் இழுக்கிற இடத்தில இழுத்தார், தலையை அதே பக்கம் சரிச்சார். எனக்குத் தெரிஞ்சது அப்பான்ர முதுகு. அந்த முதுகுக்குள்ளயும் ஸ்டார்தான் நிண்டார். எங்கையோ ஆட்டுக்காரருக்குப் பாடிக்கொண்டிருக்கிற மனிசன், என்ர அப்பாவை இன்னும் விடேல்ல.

எரிஞ்சுது. கையும் சும்மா இருக்கேல்ல. ஒரு துளி கெதிப்படுத்தினன். அப்பா ஒரு சொல்லுப் பிந்தினார், ஓடிப் பிடிச்சார். இன்னுமொரு துளி. பேஸ் அம்மா என்னைப் பாத்துக் கண்ணடிச்சிட்டு என்னோட வந்தா. கம்பித் தாங்கிக் கிழவி தாங்கியாலேயே நிலத்தில தட்டத் தொடங்கிட்டா. அழுற பாட்டு ஆடுற பாட்டாகுது. ஸ்டார் இழுக்கிற இடத்தில இழுக்க அப்பாவுக்கு நேரமில்லை. மூச்சு வாங்குது, சொல்லு தடக்குது, பாட்டு அவற்ற கையை விட்டுப் போகுது.

நிப்பாட்டினார். மைக்கோட முழுசாத் திரும்பினார். என்ர பேரைச் சொன்னார், ஹோல் முழுக்கக் கேக்க.

"மெதுவா அடியடா, விசரா! ஆரடா உனக்கு அடிக்கப் பழக்கினது? குப்பை!"

ஒருத்தருக்கும் விளங்கேல்ல. எல்லாரும் கைதட்டிச்சினம்.

"சரி, தொடங்கு" எண்டார். தொடங்கினன். அப்பா முன்னுக்குத் திரும்பேல்ல. சனத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்ர கையையே பாத்துக்கொண்டு, முழுப் பாட்டையும் முதலில இருந்து பாடினார். நான் ஒரு அடி பிழை விட்டாலும் நிப்பாட்டத்தான் அப்பிடி நிண்டவர். நான் விடேல்ல.